குச்சிக்கிழங்குக்குள் ஓர் அமிலமும் ஒரு கரைப்பானும்

(சேலத்தில் கல்லூரி மாணவர்களும் விவசாயிகளும் சேர்ந்து அமர்ந்திருந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'கரைசலில் அமிலமும் கரிமக் கரைப்பானும் உண்டாக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு அணைவுகள்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் இந்தத் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசை மாணவர்கள் நினைக்கலாம். உண்மையில் உங்களைவிட அவர்களுக்குத்தான் சம்பந்தம் அதிகம். நீங்கள் ஆய்வகத்தில் அமிலத்தை ஒரு குப்பியிலிருந்தும் கரைப்பானை இன்னொரு குப்பியிலிருந்தும் எடுத்துக் கலக்குகிறீர்கள். இவர்கள் காட்டில் விளையும் குச்சிக்கிழங்கு, அரிவாள் பட்ட மறுகணமே இரண்டையும் தானே தயாரித்துத் தந்துவிடுகிறது. அமிலம், ஹைட்ரஜன் சயனைடு. கரைப்பான், அசிட்டோன். ஆம், நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் பயன்படுத்துகிறார்களே, அதே அசிட்டோன்தான்.

ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவது குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியைப் பற்றி. இந்த அமிலத்தின் ஹைட்ரஜனை யார் பிடித்துக்கொள்கிறார்கள், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார்கள் என்ற ஒரே கேள்விதான் என் கேள்வி. கிழங்கு உணவாகுமா நஞ்சாகுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இந்தப் பயிர் நம் மண்ணுக்குச் சொந்தமானதல்ல. தென் அமெரிக்காவிலிருந்து கேரளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880களில் ஆட்சி செய்த விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பஞ்ச காலத்து உணவாகப் பரப்பினார். சேலத்தில் இது தொழிலாக மாறியதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் போரினால் நின்றுபோயின. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பியிருந்த பொபட்லால் ஷாவின் துணையோடு 1943ஐ ஒட்டி இங்கே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். 1981ல் ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வரலாறு இத்தனை போதும். நாம் கிழங்குக்குள் போவோம்.

மரவள்ளியின் செல்லுக்குள் நஞ்சு நஞ்சாக இருப்பதில்லை. லினமரின் என்ற பொருளாக இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் சர்க்கரையின் முதுகில் அசிட்டோனையும் சயனைடையும் சேர்த்துக் கட்டிவைத்த மூலக்கூறு அது. செல்லின் நடுவே இருக்கும் நுண்குமிழியில் அது தங்கியிருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதி செல்லின் சுவரில் இருக்கிறது. செடி நலமாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பூச்சி கடித்தாலோ, ஆடு மென்றாலோ, அரிவாள் விழுந்தாலோ, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் அரைப்பான் கிழித்தாலோ தடுப்பு உடைகிறது. நொதி லினமரினைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் சர்க்கரை கழன்று போகிறது. மிச்சம் இருப்பது அசிட்டோன் சயனோஹைட்ரின். அதுவும் உடைந்தால் அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் தனித்தனியே வெளிவருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லினமரினின் மூலக்கூறு எடை 247. அதிலிருந்து வருவது 27 எடையுள்ள சயனைடும் 58 எடையுள்ள அசிட்டோனும். ஒரு கிலோ கிழங்கு 100 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு தரக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசப்பு ரகங்களின் எல்லைக்கோடு ஏறக்குறைய அதுதான். அந்தக் கிலோவிலிருந்து கூடவே 215 மில்லிகிராம் அசிட்டோனும் வரும். நாம் அவித்துத் தின்னும் இனிப்பு ரகங்களில் சயனைடு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். மனிதனைக் கொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து மூன்றரை மில்லிகிராம்வரை. இந்த எண்களை அருகருகே வைத்தால் நம் பாட்டிமார் கிழங்கை ஏன் பச்சையாகத் தின்னவிடவில்லை என்பது விளங்கும்.

இனி அமிலத்தின் குணம். வகுப்பில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நைட்ரஜனின் எடை 28, கார்பன் மோனாக்சைடின் எடையும் 28, ஹைட்ரஜன் சயனைடின் எடை 27. மூன்றும் ஏறத்தாழ ஒரே எடை. நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது. கார்பன் மோனாக்சைடு மைனஸ் 191ல். ஹைட்ரஜன் சயனைடோ 26 டிகிரியில்! இருநூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம். எதனால்?

ஹைட்ரஜன் சயனைடு நேர்கோடு போன்ற மூலக்கூறு. ஒரு முனையில் ஹைட்ரஜன், நடுவில் கார்பன், மறுமுனையில் நைட்ரஜன். நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் முனை நேர் மின்தன்மை பெற்று வெறுமையாக நிற்கிறது. அருகிலுள்ள இன்னொரு மூலக்கூறின் நைட்ரஜன் முனை அதைத் தன் பக்கம் இழுக்கிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிவிடுகின்றன. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. திரவ ஹைட்ரஜன் சயனைடின் மின்காப்பு மாறிலி தண்ணீருடையதைவிடவும் அதிகம் என்பது இந்த வரிசையின் விளைவே.

இதன் வலிமை எவ்வளவு? நாமக்கல் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். லாரியின் சேஸிஸ் மேல் பாடி கட்டி வெல்டிங் வைத்துவிட்டால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லரை வேண்டும்போது கழற்றிவிடலாம். ஆனால் ஓடும்போது அது லாரியோடுதான் வரும். ஹைட்ரஜன் சயனைடுக்குள் கார்பனும் ஹைட்ரஜனும் வெல்டிங் வைத்த மாதிரி. பிரிக்க ஒரு மோலுக்கு 500 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு கொக்கி; 20 கிலோஜூல் அளவில் கழன்றுவிடும். அறை வெப்பத்தில் இந்தக் கொக்கி ஓயாமல் மாட்டுவதும் கழல்வதுமாக இருக்கும்.

மாணவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். ஃப்ளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்றில் ஒன்றோடு சேர்ந்த ஹைட்ரஜன்தான் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாக்கும் என்று பள்ளியில் படித்தோமே, கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜன் எப்படி? நியாயமான கேள்வி. பள்ளிப்பாடம் பழையது, அதோடு நின்றுவிட வேண்டாம். 1960களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் பாலிகிளைசின் என்ற புரதச் சங்கிலியின் அமைப்பை ஆராய்ந்தபோது, கார்பனில் உள்ள ஹைட்ரஜன் பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனோடு சேர்கிறது என்று எழுதினார்கள். அப்போது பலர் ஏற்கவில்லை. 2011ல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய வரையறை வெளியிட்டது. அந்தக் குழுவை முன்னின்று நடத்தியவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் இ. அருணன், குழுவில் கௌதம் தேசிராஜுவும் இருந்தார். ஹைட்ரஜனைத் தாங்கி நிற்கும் அணு, ஹைட்ரஜனைவிட அதிகமாக எலக்ட்ரானை இழுப்பதாக இருந்தால் போதும் என்கிறது அந்த வரையறை. கார்பன் அதில் வந்துவிடுகிறது. உலகம் முழுவதும் படிக்கும் ஒரு வரையறையில் ஒரு தமிழரின் பெயர் முதலில் இருக்கிறது. நம் பாடநூல் இன்னும் பழைய மூன்று தனிமங்களையே மனப்பாடம் செய்யச் சொன்னால் அது நமக்கு அழகல்ல.

இப்போது அமிலத்தையும் கரைப்பானையும் சேர்த்து வைப்போம். தூய அசிட்டோனில் ஹைட்ரஜன் சயனைடைக் கரைத்தால், அதன் ஹைட்ரஜன் முனை அசிட்டோனின் ஆக்சிஜனில் போய் மாட்டிக்கொள்ளும். அமிலம் தன் ஹைட்ரஜனை முழுதாகக் கொடுத்துவிடவில்லை, கொடுக்காமலும் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் போன்ற வலிய அமிலங்கள் தண்ணீரைக் கண்டதும் ஹைட்ரஜனை ஒப்படைத்துவிட்டு விலகிவிடும். சயனைடு மெலிந்த அமிலம். நீட்டிக் காட்டும், கைவிடாது. அந்த நடுநிலைதான் நாம் அணைவு என்று சொல்வது.

இந்த அணைவை ஹைட்ரஜன் சயனைடை வைத்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஆபத்து குறைந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான், குளோரோஃபார்ம். நம் மாவட்டத்து மேட்டூரிலேயே கெம்ப்ளாஸ்ட் ஆலையில் தயாராகும் பொருள்தான். குளோரோஃபார்முக்கும் கார்பனில் ஒரு ஹைட்ரஜன். மூன்று குளோரின்கள் மறுபக்கம் இழுப்பதால் அந்த ஹைட்ரஜனும் வெறுமையாக நிற்கிறது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், குளோரோஃபார்ம் 61ல். இரண்டையும் கலந்தால் கலவை சூடாகும். ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அது 64 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். தனித்தனியே எளிதில் ஆவியாகக்கூடிய இரண்டும் சேர்ந்ததும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்கின்றன. ராவுல்ட் விதியிலிருந்து எதிர்விலக்கம் என்று மேல்நிலை வகுப்பில் படித்தீர்களே, அது இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கலவையில் காரம் சிறிதளவு விழுந்தாலும் போயிற்று. காரம் குளோரோஃபார்மின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும்; எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும் கார்பன் அசிட்டோனின் நடுக்கார்பனைத் தாக்கி ஒட்டிக்கொள்ளும்; கலவை கொதித்துப் பீறிடும். இந்த விபத்து பல ஆய்வகங்களில் நடந்திருக்கிறது. கழிவுக் குடுவையில் இரண்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள் என்று ஆய்வக உதவியாளர்கள் கத்துவது வீண் கெடுபிடி அல்ல.

இதைச் சொன்னதற்குக் காரணம், மரவள்ளியில் நடப்பதும் இதே கதைதான். ஹைட்ரஜன் சயனைடும் அசிட்டோனும் கொக்கி மாட்டிக்கொண்டும் நிற்கலாம். சயனைடின் ஹைட்ரஜன் பறிபோய் அயனியாகிவிட்டால் அந்த அயனி அசிட்டோனின் நடுக்கார்பனில் வெல்டிங் வைத்தாற்போல் சேர்ந்து சயனோஹைட்ரின் ஆகலாம். அதே பாதையில் திரும்பிப் பிரியவும் செய்யலாம். ஆக சயனைடுக்கு மூன்று நிலைகள். சயனோஹைட்ரினாகச் சிறைப்பட்டிருப்பது. கரைசலில் யாரோடாவது கொக்கி மாட்டிக்கொண்டிருப்பது. காற்றோடு பறந்துபோவது. இந்த மூன்றில் எது நடக்க வேண்டும் என்று தீர்மானிக்க நம் கையில் மூன்று விசைகள் இருக்கின்றன: தண்ணீர், புளிப்பு, சூடு.

இந்த மாட்டலும் கழலலும் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை அண்மைக்காலத்தில் கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஆர்-யூயிங் என்பவரின் குழு 2011ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கரைசலில் சயனைடு ரேடிக்கல் வேறொரு மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரஜன் சயனைடாகப் பிறக்கும் தருணத்தை லேசர் துடிப்புகளால் பிடித்தார்கள். கரைப்பான், நம் குளோரோஃபார்ம்தான். 2015ல் அதே குழு, கன ஹைட்ரஜனோடு சேர்ந்த ஃப்ளோரைடு அமிலம் அசிட்டோநைட்ரைலில் பிறப்பதைப் பார்த்தது. பிறந்த கணத்தில் அமிலம் துள்ளி அதிர்ந்துகொண்டு தனியாக நிற்கிறது. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒருசில பங்குக்குள் சுற்றியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகள் திரும்பி, அமிலத்தோடு கொக்கி மாட்டி, அதன் துள்ளலை அடக்கிவிடுகின்றன. இத்தகைய கரைசலில் அமிலம் தனியாக இருப்பதில்லை. இருந்தால் அந்த நொடித்துணுக்கு மட்டும்தான்.

கிழங்குக்குத் திரும்புவோம். கிழங்கின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அங்கே பிறக்கும் சயனைடைச் சூழ்ந்து நிற்பது பெரும்பாலும் தண்ணீர். கூடப் பிறந்த அசிட்டோன் அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு மூலையில். ஆகவே இரண்டும் தனித்தனியே தண்ணீரோடுதான் பிணைகின்றன. தண்ணீர் அதிகமாக அதிகமாக, பிரிந்த இரண்டும் மறுபடி சந்திப்பது அரிதாகிறது; சயனோஹைட்ரின் பிரிவதே நடக்கும். தண்ணீரின் வேலை இதுதான்.

மல்லூர், ஆட்டையாம்பட்டிப் பக்கம் சேகோ ஆலைக்குள் போய்ப் பாருங்கள். கிழங்கைக் கழுவித் தோலை உரித்து அரைப்பானில் தள்ளுகிறார்கள். அரைப்பான் செல்களைக் கிழிக்கும்போதே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். சல்லடையில் திப்பி தங்குகிறது. பால்போல் வெள்ளையாக மாவுக்கரைசல் தொட்டிக்குப் போகிறது. சில மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிடும். மேல்தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். ஈரமாவை உடைத்து, குலுக்கி மணியாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயப்போடுகிறார்கள். மாவு தண்ணீரில் கரையாது. லினமரின், சயனோஹைட்ரின், சயனைடு, அசிட்டோன் நான்கும் கரையும். ஆகவே அவை மேல்தண்ணீரோடு போய்விடுகின்றன. மிஞ்சியதை வறுக்கும் சூடும் வெயிலும் முடித்துவைக்கின்றன. நச்சுள்ள கிழங்கிலிருந்து குழந்தைக்குக் கஞ்சி வைக்கும் ஜவ்வரிசி கிடைப்பதன் வேதியியல் இவ்வளவுதான். இந்த முறையை உருவாக்கியவர்கள் வேதியியல் படித்தவர்களல்ல. மாவு வெள்ளையாக வரவேண்டும் என்று கழுவினார்கள், நஞ்சும் சேர்ந்து போயிற்று.

போனது எங்கே? கழிவுநீருக்கு. இதை ஆலைக்காரர்கள் சிலர் கேட்க விரும்பமாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். தேங்கிய ஆலைத் தண்ணீர் புளித்துப்போகிறது. புளிப்பில் சயனோஹைட்ரின் உடையாது, பி.எச். 5க்குக் கீழே அது நிலையாக நிற்கும். காரணம் முன்பே பார்த்தோம்: அது பிரிவதற்கு அதன் ஹைட்ரஜனை யாராவது பறிக்க வேண்டும், புளித்த தண்ணீரில் பறிக்க ஆளில்லை. அதே தண்ணீர் சுண்ணாம்பு கலந்த மண்ணிலோ வாய்க்காலிலோ போய்ப் புளிப்பு தணிந்ததும் அது உடைந்து சயனைடு வெளிவரும். ஆலையில் அளந்தபோது இல்லாத நஞ்சு, அரை மைல் தள்ளி ஆடு குடிக்கும் இடத்தில் பிறக்கும். சாண எரிவாயு முறையில் கழிவுநீரைச் செரிக்கவைக்கும் கலன்கள் பல ஆலைகளில் வந்திருக்கின்றன. நல்லது. எல்லா ஆலைகளிலும் வர வேண்டும். கழிவுநீரைச் சோதிப்பவர்கள் தனி சயனைடை மட்டும் அளந்துவிட்டுப் போகாமல், புளிப்பைத் தணித்துவிட்டு மொத்தத்தையும் அளக்க வேண்டும்.

அடுத்தது அடுப்படி. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று சொன்னேன். அப்படியானால் கிழங்கைக் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடுமே என்று தோன்றும். போகாது. கொதிநீரில் நேராகக் கிழங்கைப் போட்டால் லினமரேஸ் நொதி வெந்து செத்துவிடுகிறது. லினமரின் சாகாது, அது கொதிநீரைத் தாங்கும். உடைப்பதற்கு ஆளில்லாத லினமரின் கிழங்குக்குள்ளேயே இருந்துவிடும். அது வெளியேற ஒரே வழி தண்ணீரில் கரைந்து போவதுதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதை அளந்தார்கள். பெரிய துண்டாகப் போட்டு வேகவைத்தபோது நஞ்சில் முக்கால் பங்கு கிழங்கிலேயே தங்கியது. மிகச் சிறு துண்டாக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தபோது கால் பங்குதான் மிஞ்சியது. ஆகவே சிறு துண்டாக நறுக்குங்கள், நிறையத் தண்ணீர் வையுங்கள், மூடி போடாதீர்கள், வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து அதே தண்ணீரோடு மசிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இனிப்பு ரகத்தில் ஆபத்து குறைவுதான். இருந்தாலும் நல்ல பழக்கமல்ல. ஆலைக்கென்று வளர்க்கும் கிழங்கை வீட்டு அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், காயவைக்கும்போது கதை தலைகீழ். மெல்லிய சீவலாகச் சீவி வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஈரமில்லாத இடத்தில் நொதி வேலை செய்யாது. நஞ்சு அதிலேயே உறைந்துவிடும். தடித்த துண்டு மெல்லக் காயும். நொதிக்கு அவகாசம் கிடைக்கும். நஞ்சு அதிகம் போகும். நசுக்கிவிட்டுக் காயவைத்தால் இரண்டையும்விட மேல். வேகவைக்கச் சிறு துண்டு, உலர்த்தத் தடித்த துண்டு. சிப்ஸ் காயவைத்துத் தீவன ஆலைக்கு அனுப்புபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவில் இந்த அவகாசம் கிடைக்காமல் போனதன் விலையை மக்கள் கால்களால் கொடுத்தார்கள். வறட்சி வந்தால் செடி லினமரினை அதிகம் சேர்த்துவைக்கும். பசி வந்தால் மனிதர் பதப்படுத்தும் நாட்களைக் குறைப்பார்கள். இரண்டும் சேர்ந்தபோது கொன்சோ என்ற நோய், குழந்தைகளையும் தாய்மார்களையும் ஒரே இரவில் நிரந்தரமாக நடக்கமுடியாமல் செய்தது. 1981ல் மொசாம்பிக்கில் பெரிய அளவில் பரவியது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி கண்டுபிடித்த மாற்று, கேட்டால் நம்பமாட்டீர்கள். மரவள்ளி மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, தட்டில் ஒரு விரல்கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் அல்லது வெயிலில் இரண்டு மணி நேரம் வைப்பது. அவ்வளவுதான். காய்ந்த மாவில் தூங்கிக் கிடந்த நொதி ஈரம் பட்டதும் விழித்து லினமரினை உடைக்கிறது. மெல்லிய பரப்பிலிருந்து சயனைடு தண்ணீரின் பிடியைக் கழற்றிக்கொண்டு காற்றில் போய்விடுகிறது. பிறகு வழக்கம்போல் களி கிண்டிச் சாப்பிடலாம்.

உடலுக்குள் போன சயனைடை நம் கல்லீரல் கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். கேரளத்தார் கிழங்கோடு மீன் சேர்ப்பதில் ருசிக்கு மேலும் பொருள் இருக்கிறது. நாமக்கல்காரர்களுக்குக் கந்தகப் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை; கிழங்கு தின்னும் அன்று ஒரு முட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆடு. விவசாயிகள் இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். கிழங்கைவிட இலையில் நஞ்சு அதிகம். லினமரின் இலையில்தான் முக்கியமாகத் தயாராகிக் கிழங்குக்கு இறங்குகிறது. அறுவடை முடிந்த காட்டில் வெட்டிப்போட்ட குச்சித்தழையைக் கட்டவிழ்ந்த ஆடு அவசர அவசரமாக மேய்ந்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் இவ்வளவு ஆபத்தில்லை. அவற்றின் இரைப்பையில் புளிப்பு அதிகம், நொதி அங்கே கெட்டுவிடுகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் முதல் இரைப்பையில் பி.எச். 6க்கும் 7க்கும் நடுவே. நொதிக்கு ஏற்ற இடம். சயனோஹைட்ரின் உடைய ஏற்ற இடம். அங்கே வாழும் நுண்ணுயிர்களும் லினமரினை உடைக்கும். மூன்றும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அந்தப் பி.எச்.சில் சயனைடு மிஞ்சிப்போனால் ஆயிரத்தில் ஏறத்தாழ ஆறு பங்குதான் அயனியாகும். மிச்சமெல்லாம் ஹைட்ரஜனை விடாத முழு மூலக்கூறு. மின்னேற்றமில்லாத சிறு மூலக்கூறு என்பதால் தண்ணீரின் கொக்கியைக் கழற்றிவிட்டு சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைவதில் அதற்குத் தடையே இல்லை. வலிய அமிலமாக இருந்திருந்தால் இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கும். மெலிந்த அமிலமாக இருப்பதால்தான் கொல்கிறது. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், உடலால் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இறக்கும் ஆட்டின் வாய்ச்சவ்வு பளீரென்று சிவந்திருக்கிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தநாளத்தில் ஏற்றினால், சரியான நேரத்தில் ஏற்றினால், விழுந்த ஆடு எழுந்து நிற்கும். நேரம்தான் இல்லை, சில நேரம் சில நிமிடங்களே இருக்கும். ஆகவே விவசாயிகளிடம் என் வேண்டுகோள் இது. வெட்டிய பச்சைத் தழையை ஆடு எட்டும் இடத்தில் போடாதீர்கள். தீவனமாக்க வேண்டுமென்றால் நறுக்கி, வாடவைத்து, நன்றாக உலர்த்திக் கொடுங்கள். அதுவும் கொஞ்சமாக, மற்றத் தீவனத்தோடு கலந்து. சேகோ ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் காட்டாதீர்கள். ஆடு தள்ளாடினாலோ நுரை தள்ளினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அழைத்ததும் முதல் வார்த்தையாக, ஆடு குச்சித்தழை மேய்ந்தது என்பதையும் எப்போது மேய்ந்தது என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் சரியான மருந்தைக் கையோடு எடுத்து வருவார்.